ஒன்பதாம் வளையில் எத்தனை உயிர்?

இலுப்பைக் காட்டுக் குளக்கரையில் முயல், எலி, கீரி, உடும்பு எல்லாம் வளை தோண்டிக் குடியிருந்தன. குளத்தைச் சுற்றி ஏழு மரங்கள். மரத்துக்கு ஒரு மரங்கொத்தி.

கரையில் யார் குடிவந்தாலும், யார் காலி செய்தாலும், ஏழு மரங்கொத்திகளும் அதைத் தத்தம் மரத்தில் கொத்தி வைக்கும். பழைய பதிவுக்குக் கீழே புதிய பதிவு. கொத்தியதை அழிக்க முடியாது. நான்கு மரங்களிலாவது ஒரே மாதிரி இருந்தால்தான் அந்தப் பதிவு செல்லும். பதிவு செய்யக் கொஞ்சம் பூச்சி கூலி. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூலி கிடையாது.

“மூன்றாம் வளையில் எத்தனை உயிர்?” என்று கேட்டால் போதும். நான்கு என்றால் நான்கு தட்டு. ஊரில் கணினிக்காரர்கள் இதற்கு பிளாக்செயின் என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். காட்டில் இதற்குப் பேரே கிடையாது, ஆனாலும் நன்றாக நடந்தது.

போன மழையில் வளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து கரை உடையப் பார்த்தது. எந்த வளையை அடைப்பது என்று ஆளாளுக்குக் கத்தியதில் பாதி நாள் போயிற்று.

“இனிமே சண்டையே வேண்டாம்! நான் ஒரு விதி எழுதித் தரேன். யானையண்ணன் அதை நடத்தட்டும்!” என்றது தூக்கணாங்குருவி. கூடு பின்னுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அந்த நினைப்பு அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

விதி இதுதான். தண்ணீர் ஏறிக் குளத்தோரக் கரும்பாறையைத் தொட்டதும் யானை கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வளையிலும் நின்று மரங்கொத்திகளைக் கேட்க வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை தண்ணீருக்கு முதுகைக் காட்டி வாசலை மறித்துப் படுக்க வேண்டும், பிறகுதான் அடைக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் வளை காலி. உடனே ஒரு பாறையை உருட்டி அடைத்துவிட வேண்டும். அடைத்த பாறையைக் கோடையில்தான் எடுப்பார்கள்.

யானை தும்பிக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்தது. மழைக்காலம் முடியும்வரை விதியில் ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்ற முடியாது. ஊரில் இதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பார்கள்.

குருவி சோதித்தும் பார்த்தது. மூன்றாம் வளையில் எலிகள் இருந்தன. நான்கு தட்டு வந்தது. இரண்டாம் வளையை முயல் காலி செய்து, ஒருவரும் இல்லை என்று பதிவும் செய்திருந்தது, சத்தம் வரவில்லை.

“பார்த்தீங்களா! கச்சிதம்!” என்று வாலை ஆட்டியது குருவி.

உடும்பு மட்டும் தலையைச் சொறிந்தது. “குருவிக்கா, ஒருத்தர் குடிவந்ததைச் சொல்லவே இல்லைன்னா?”

“சொல்லாம யார் இருப்பாங்க? அவங்கவங்க உயிர் மேல அவங்கவங்களுக்கு அக்கறை இருக்காதா? போய் வேலையைப் பாரு!”

வளையில் வாழாத பறவைக்கு வளைக்காரர்களின் பழக்கம் என்ன தெரியும்? மலையிலிருந்து வந்த ஒரு முள்ளம்பன்றி, கரையின் கோடியில் ஒன்பதாவதாக ஒரு வளை தோண்டியிருந்தது. அதற்கு மூன்று குட்டிகள் பிறந்திருந்தன. குட்டியின் முள் கெட்டிப்படும்வரை முள்ளம்பன்றிகள் பிள்ளை பிறந்ததை வெளியே சொல்லாது. சொன்னால் கண் பட்டுவிடுமாம். அதனால் குடிவந்ததையே அது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. தண்ணீர் கரும்பாறையைத் தொட்டது. யானை கிளம்பிவிட்டது.

கிழங்கு தோண்டப் போயிருந்த முள்ளம்பன்றி திரும்பி வரும்போது, யானை ஆறாம் வளையை அடைத்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றியின் வளை இருபது முழ நீளம். தானாக வெளியே வரத் தெரியாத மூன்று குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வருவதற்குள் யானை வந்துவிடும்.

“யானையண்ணே! நில்லுங்க! கோடி வளையில என் பிள்ளைங்க இருக்கு!”

யானையின் காதுகள் தொங்கிவிட்டன. “நீ சொல்றதை நம்பறேன் தங்கச்சி. ஆனா நான் உன்னைக் கேட்கக் கூடாது, மரத்தைத்தான் கேட்கணும். சத்தியம் பண்ணிட்டேனே!”

கிளையிலிருந்த குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. காலி என்று பதிவு இருந்தாலும் சத்தம் வராது. பதிவே இல்லாவிட்டாலும் சத்தம் வராது!

“அய்யோ! என்ன காரியம் பண்ணிட்டேன்!” என்று அது மழையில் பாய்ந்தது. ஒவ்வொரு பொந்தாகப் போய் மரங்கொத்திகளை எழுப்பியது. “எழுந்திரு! கொத்து! ஒன்பதாம் வளை, மூணு உயிர்!”

“குடியிருக்கிறவங்க சொல்லணும். நீ சொன்னா செல்லாது” என்றது முதல் மரங்கொத்தி. “அப்புறம், கூலி?”

“என் குஞ்சுகளுக்கு வச்சிருக்கிற வெட்டுக்கிளி மொத்தமும் உங்களுக்குத்தான்! முள்ளம்பன்றி, நீ வாயைத் திற! எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லு!”

முள்ளம்பன்றி ஒரு கணம் தயங்கியது. பிறகு கரை நடுவே நின்று தொண்டை கிழியக் கத்தியது. “ஒன்பதாம் வளை என்னுது! உள்ளே என் பிள்ளைங்க மூணு!”

முதல் மரத்தில் கொத்தும் சத்தம் எழுந்தது. பிறகு இரண்டாவது மரம். யானை எட்டாம் வளையைத் தாண்டியது.

“கொஞ்சம் மெதுவா நடங்கண்ணே!” என்று கெஞ்சியது உடும்பு.

யானை யோசித்தது. மெதுவாக நடக்கக் கூடாது என்று விதியில் எதுவும் இல்லை! அது ஒரு காலைத் தூக்கி, சேறு சொட்டும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த காலைத் தூக்கியது. வாழ்நாளில் எந்த யானையும் அவ்வளவு மெதுவாக நடந்திருக்காது.

மூன்றாவது மரமும் முடிந்தது. ஆனால் யானை ஒன்பதாம் வளைக்கு வந்துவிட்டது. இடது காதை உதறியது. வலது காதை உதறியது. தும்பிக்கையைத் துடைத்தது. இனி செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் அதன் முழங்காலுக்கு வந்துவிட்டது.

“ஒன்பதாம்...” என்று இழுத்தது. “வளையில்...” என்று இன்னும் இழுத்தது.

நான்காவது மரங்கொத்தி கடைசிக் கொத்துக் கொத்தி அலகை எடுத்தது.

“...எத்தனை உயிர்?”

டக்! டக்! டக்!

யானை பாறையை அப்படியே விட்டுவிட்டு வாசலை மறித்துத் தொப்பென்று படுத்தது. தண்ணீர் அதன் முதுகில் மோதி விலகிப் போயிற்று. முள்ளம்பன்றி அதன் காலிடுக்கில் புகுந்து உள்ளே ஓடியது. ஒரு குட்டி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. குட்டிகளை மேட்டில் சேர்த்த பிறகு யானை எழுந்து பாறையை உருட்டியது. கரை தப்பியது.

எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. உடும்பு சிரித்தது. முள்ளம்பன்றி அழுதுகொண்டே சிரித்தது.

“உடும்பு கேட்டப்பவே நான் காது கொடுத்திருக்கணும். தப்பு என்னுது” என்றது குருவி.

“வாயைத் திறக்காம இருந்த என்னை என்ன சொல்றது?” என்றது முள்ளம்பன்றி.

“பேசினது போதும். என் வெட்டுக்கிளி எங்கே?” என்றது மரங்கொத்தி.

மழைக்காலம் முடிந்ததும் குருவி புதிய விதி எழுதியது. யானை முதலில், ‘இந்த வளைக்குப் பதிவு உண்டா?’ என்று கேட்க வேண்டும். உண்டு என்றால்தான், ‘எத்தனை உயிர்?’ என்று கேட்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பாறையைத் தொடவே கூடாது, வாசலில் தும்பிக்கையை வைத்து, “உள்ளே யாரு?” என்று கூப்பிட வேண்டும்.

பதில் வராததை ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலாக எடுத்துக்கொள்பவன், எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், உயிருள்ள வீட்டுக்குப் பாறை வைத்துவிடுவான்.