மழைக்கு முன் ஏன் புழுங்குகிறது?

அந்தக் காலத்தில், காற்றும் நீரும்கூட வாய் திறந்து பேசிய நாளில், மழை என்ற ஒன்றே கிடையாது. கடலிலிருந்து கிளம்பிய ஆவிப் பெண்கள் கண்ணுக்குத் தெரியாமல் வானத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள். காற்றாகிய வளியனும் அங்கேதான் இருந்தான். போகிற வழியில் எல்லாரையும் இடித்துவிட்டுப் போகிறவன் என்று அவனுக்குப் பெயர். "எட்டிப் போ!" என்று அவர்கள் விரட்ட விரட்ட, ஆளரவமே இல்லாத உச்சிக்குப் போய் ஒதுங்கிவிட்டான்.

அவர்களில் ஈரி என்ற ஒருத்தி மட்டும் ஒருநாள் அங்கே வந்தாள். அழுதுகொண்டு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றான் வளியன். அவனே தன் குரலைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"கூடப் பிறந்தவளைக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. ஒட்டினதுமே சூடு கிளம்பிவிடுகிறது. தாங்க முடியாமல் பிய்த்துக்கொண்டு ஓடுகிறோம்."

அவள் அழுது முடிக்கும்வரை அவன் பக்கத்தில் இருந்தான். அதன் பிறகு ஈரி அடிக்கடி வந்தாள். அவள் வராத நாளில் வளியன் எந்தப் பக்கமும் அசையவில்லை.

கீழே பூமி வெடித்துக் கிடந்தது. "ஒரு வாய் தண்ணீர் கிடைக்காதா?" என்று உடும்பு ஒன்று அண்ணாந்து கதறியது. அதைக் கேட்டு, ஒட்டிச் சேர்ந்தால் நீராகலாம் என்று இரண்டு ஆவிப் பெண்கள் மறுபடி கட்டிக்கொண்டார்கள். சூடு ஏறியது, துடித்தார்கள். பார்க்கப் பொறுக்காமல் வளியன் ஓடிப்போய் அவர்களை இடித்தான். இடித்த இடத்தில் அவர்களுடைய சூடு இவன் உடம்பில் இறங்கியது. சூடு தணிந்ததும் அவர்கள் பிடியை விடவில்லை. மேலும் சிலர் வந்து ஒட்டினார்கள். முதல் துளி உருண்டது. கனம் தாங்காமல் கீழே விழுந்தது. உடும்பு நாக்கை நீட்டியது.

"என்னையும் இடி! என்னையும் இடி!" என்று எல்லாரும் மொய்த்தார்கள். வளியன் சளைக்காமல் இடித்தான். சேர்ந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் ஈரியும் அவள் தங்கை தூவியும் மட்டும் மிச்சம்.

வளியன் பின்வாங்கினான்.

"நீயும் போய்விடுவாய்" என்றான்.

"போய்விடுவேன்" என்றாள் ஈரி. பொய் சொல்ல அவளுக்கு வராது. "வேண்டாமென்றால் விட்டுவிடு, வளியா. நான் கேட்க மாட்டேன்."

அவள் கேட்கவில்லைதான். தங்கையைக் கட்டிக்கொண்டாள், சுட்டது, விட்டாள். மறுபடி கட்டிக்கொண்டாள். ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

போய் இடித்தான்.

துளியாகிக்கொண்டே ஈரி கேட்டாள்: "உனக்குச் சுடுகிறதா?"

"இல்லையே" என்றான் அவன்.

அவள் விழுந்தாள். இவ்வளவு பேருடைய சூட்டையும் சுமந்துகொண்டு, வெற்று வானத்தில் அவன் மட்டும் நின்றான்.

அன்று முதல்தான், மழை திரளும்போதெல்லாம் காற்று அசையாமல் வெந்து நிற்கிறது, நமக்கும் உடம்பெல்லாம் புழுங்குகிறது. வளியன் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருக்கிறான்.