சாம்பிளுக்கு ஒத்துவராத சீட்டு

சரக்குப் பார்க்க வருகிறவனுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்றாரா, சரக்கைக் காட்ட வேண்டும் என்றாரா? தகப்பனார் சொன்னது முதலாளி கந்தப்பனுக்குச் சரியாக நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் சோறு போட்டார்.

கரூரில் தெருவுக்குத் தெரு குயில்ட் தைக்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. வாங்குகிற கம்பெனியின் ஆளான ஜெகதீசன் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, சரக்கைப் புரட்டினார்.

"கைத்தையல் சாம்பிள் மாதிரியே இல்லை. ஒவ்வொண்ணும் ஒரு விதம். எல்லாத்தையும் பிரிச்சுத் தையுங்க!"

"தீபாவளி நாலு நாள்லீங்க சார்," என்றாள் தையல்காரி பூவாத்தா. "போன தடவை, மிஷின்ல தைச்ச மாதிரி ஒரே அச்சா இருக்குதுன்னு நீங்கதானே திருப்பினீங்க?"

"அது போன தடவை!" கட்டுக்குக் கட்டு 'ரிஜெக்ட்' சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டினார்.

பூவாத்தா இரண்டு சீட்டை உரித்து வந்தாள். "இது செல்லாதுங்க சார். முதல் கையெழுத்துல வால் மேலே போகுது, இதுல கீழே தொங்குது. சாம்பிளுக்கு ஒத்துவரலீங்க."

"கிண்டலா? ரெண்டும் நான் போட்டதுதான்! கையால போட்டா அப்படி இப்படித்தான் இருக்கும்!"

"அதைத்தானுங்க நாங்களும் சொல்றோம்!"

கூடமே சிரித்தது.

ஜெகதீசன் சீட்டுகளைக் கிழித்துவிட்டு, சரக்கை லாரியில் ஏற்றச் சொன்னார்.