ஜோடித் துப்பாக்கியின் முத்திரை

ஜமீன்தாரிடம் பழைய லண்டன் துப்பாக்கி ஒரு ஜோடி இருந்தது. போன வருஷ வேட்டையில் அதில் ஒன்றைப் புதுத் தோட்டா போட்டு வேலைக்காரன் பேச்சிமுத்துவிடம் கொடுத்தார்; அவன் சுட்டபோது குழலே வெடித்து, கை சிதைந்து செத்துப்போனான். "பிடிக்கத் தெரியாத பய," என்றார் ஜமீன்தார். ஊரும் நம்பியது.

இந்த வருஷம் பன்றி வேட்டைக்கு ஊரே கூடியிருந்தது. பேச்சிமுத்துவின் தம்பி கொம்பையா, மிஞ்சிய துப்பாக்கியில் தோட்டா போட்டு ஜமீன்தாரிடம் பணிவாக நீட்டினான்.

"முதல் வேட்டு எசமான் கையால விழணும். அதே புதுத் தோட்டாதான்."

ஜமீன்தார் துள்ளி விலகினார். "மடையா! குழலுக்கு அடியில முத்திரையைப் பாருடா. பழைய கரிமருந்துக்குத்தான் தாங்கும்னு லண்டன்காரன் சோதிச்சு அடிச்சிருக்கான். புதுத் தோட்டா மருந்தோட வேகத்தை இது தாங்காது!"

கொம்பையா தோட்டாவை எடுத்துப் பிரித்தான். உள்ளே மருந்தில்லை, வெறும் கேழ்வரகு.

"வெடிச்சதுலயும் இதே முத்திரைதானே இருந்துச்சு எசமான்? அதை எங்கண்ணன் கையில ஏன் குடுத்தீங்க?"

ஜமீன்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். "கெட்டிக்காரன்டா நீ!" என்று யாரோ கொம்பையாவின் தோளைத் தட்டினார்கள்.

அவன் திரும்பவில்லை. சாகக் கிடந்த அண்ணனிடம், "ஒழுங்காப் பிடிச்சிருக்கலாம்ல?" என்று கடைசிவரை திட்டியவன் அவன்தான்.