சாமி சொன்ன ‘போடு’

என்னடா இது, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?

ஒருத்தனோட கவிதைய பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிட்டானாம். அதுக்கு அவன் தாடி விட்டிருக்கான். இன்னொருத்தன் கதைக்கு பதிலே வரலயாம். ‘இலக்கியத்த விட்டுட்டேன்’னு ஸ்டேட்டஸ் வெச்சிருக்கான். மச்சி, இலக்கியம் உன்ன எப்படா பிடிச்சுது, நீ விடறதுக்கு?

சரி, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கூட்டத்துல எவனாவது பக்கத்துல உக்காந்திருக்கறவன் எழுதினத படிச்சிருக்கீங்களா? கையத் தூக்கு.

தூக்க மாட்டீங்க. படிக்காமலே ‘செம’ன்னு ஹார்ட்டு மட்டும் போட்டிருப்பீங்க. அப்புறம் அவன் படிக்கல, இவன் படிக்கலன்னு ஒப்பாரி.

தாடிய சொறியறத நிறுத்து. கேளு.

*

காங்கயம் தாண்டி ஒரு கரடு, சின்ன மொட்ட மலை. கரட்டுக்குக் கீழ ஒரு மடம். மடத்துல ஒரு சாமி. நாப்பது வயசுகூட ஆகல, தாடி நல்ல கருப்பு.

ஒரு நாளைக்கு ஒரு வார்த்ததான் பேசுவாரு. அதனால ஊருல ஒத்த வார்த்த சாமின்னு பேரு.

நான் அவரோட சிஷ்யன். காலேஜ விட்டு ஓடினவன் ஞானத்தத் தேடிப் போனேன்னு நெனச்சீங்கன்னா உங்கள மாதிரி ஏமாளி கெடையாது. அங்க மத்தியானம் சோறு போட்டாங்க. போனேன். கொஞ்ச நாள்ல நானே ஆக்கி நானே போடற மாதிரி ஆயிடுச்சு.

வர்றவங்க கேள்வி கேப்பாங்க. சாமி ஒரு வார்த்த சொல்லுவாரு. விளக்கம் நான் சொல்லுவேன். அந்த வேலய யாரும் குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன்.

ஒரு தடவ ஒருத்தரு, பொண்ணுக்கு வரனே அமையலன்னு வந்தாரு. சாமி ‘கதவு’ன்னாரு. “வீட்டுக் கதவுக்குப் பச்ச பெயிண்ட் அடிங்க”ன்னு நான் அடிச்சு விட்டேன். அடிச்சாரு. வரன் வந்துருச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

*

ஒரு நாள் மத்தியானம் துளசிமணி அக்கா வந்துச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை.

வந்த வேகத்துல ஒரு செருப்பு வாசல்ல கெடந்துச்சு, இன்னொண்ணு மரத்தடியில.

“சாமி, என்ர நாவல போட மாட்டேங்கறானுங்க.”

சாமி பாத்தாரு.

“ஏனுங் சாமி போட மாட்டேங்கறானுங்க?”

சாமி பாத்தாரு.

நான்தான் சொன்னேன். “அக்கா, இன்னிக்கு வார்த்த காலையிலயே செலவாயிடுச்சு. நாய் ஒண்ணு சமையக்கட்டுக்குள்ள வந்துச்சு. ‘சூ’ன்னுட்டாரு.”

“நாய்க்கு ஒரு வார்த்த உண்டு, எனக்கு இல்லையா?”

“நாய் மொதல்ல வந்துச்சுக்கா.”

அக்கா பைய டம்முன்னு தரையில வெச்சுது. உள்ள ஒரு தாள் கட்டு. செங்கல் கனம். மஞ்ச நூல் போட்டுக் கட்டியிருந்துச்சு.

“மொதல்ல ஒருத்தன்கிட்ட குடுத்தேன். ‘இதுல வாழ்க்கை இருக்கு, மொழி இல்ல’ன்னான். சரின்னு மொழிய சரி பண்ணி இன்னொருத்தன்கிட்ட போனேன். ‘மொழி இருக்கு, வாழ்க்கை இல்ல’ங்கறான். நடுவுல என்ர வாழ்க்கை எங்கப்பா போச்சு?”

நான் சிரிச்சுட்டேன்.

“சிரிக்காத. மூணாவது ஒருத்தன். ஒரு வருசம் வெச்சிருந்தான். ‘ஆழமாக வாசித்தோம், எங்கள் பதிப்பகத்தின் தன்மைக்கு ஒத்துவரவில்லை’ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டான். இந்த முடிச்சப் பாரு.”

பாத்தேன். முடிச்சு.

“இது செக்கிங் டேபிள்ல நாங்க பீஸ் கட்டுக்குப் போடற முடிச்சு. அவுத்தா வெளியாளுக்குத் திருப்பிப் போட வராது. நான் போட்ட முடிச்சு அப்படியே திரும்பி வந்திருக்குது. அப்பறம் எப்படிப்பா ஆழமா வாசிச்சான்? எக்ஸ்ரே எடுத்தானா?”

நியாயமான கேள்வி. 

“ஒரு பனியன நான் ரிஜெக்ட் பண்ணோணும்னா சும்மா தூக்கி எறிய முடியாதுப்பா. உள்பக்கம் திருப்பிப் பாக்கோணும். தையல் எங்க விட்டிருக்குதோ அங்க அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். ஒட்டலீன்னா தெச்சவ சண்டைக்கு வந்துருவா. என்ர நாவல்லயும் ‘கழுத்து கோணலா இருக்குது’ன்னு காமி. ‘அக்குள்ல ஓட்டை’ன்னு காமி. அழுதுட்டாவது திருத்தித் தர்றேன். ஒரு ஸ்டிக்கர்கூட இல்ல! கிழிஞ்சா தரை தொடைக்கற துணி, அதுக்கு இருக்கற மரியாத எனக்கு இல்லையா?”

சாமியும் கோவமா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா கோவப்படறதுக்கும் வார்த்த வேணுமே.

அக்கா கண்ணத் தொடைச்சுக்கிச்சு.

“நாளைக்குக் கேக்கறேனுங் சாமி. ஒரே கேள்விதான். இத அடுப்புல போடறதா, தபால்ல போடறதா? நீங்க சொல்றத செஞ்சர்றேன். இத எழுதினதுக்கப்பறம் வேற ஒரு வரி என்னால எழுத முடியல. பொஸ்தகமா வந்தா எறக்கி வெச்ச மாதிரி இருக்கும். இல்லீன்னா எரிச்சாவது எறக்கி வெக்கோணும்.”

“வேற பிரதி இருக்காக்கா?”

“இது ஒண்ணுதான்.”

“எதுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டு...”

“எரிக்கறதுக்கு எதுக்குப்பா ஜெராக்ஸு?”

*

ராத்திரி அக்கா மடத்துலயே தங்கிச்சு. மறுநாள் காலையில செருப்புப் போடாம கரட்டு மேல முருகன் கோயிலுக்குப் போச்சு. பைய சமையக்கட்டுல வெச்சுது.

“நாய் வந்தா பாத்துக்கப்பா.”

“நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்கக்கா.”

நாய் வரல.

*

மத்தியானம். சாமி எலைக்கு முன்னாடி உக்காந்தாரு.

மடத்துல சமையக்கட்டும் பந்தியும் ஒரே கூடம்தான். ஒரு பக்கம் சாமி. ஒரு பக்கம் அடுப்பு, மேல சாம்பார் கொதிக்குது, வெறகு நல்லா பிடிச்சு எரியுது. நடுவுல சோத்து வாளியோட நான்.

சாமி காலையிலேந்து வாயத் தொறக்கல. அன்னிக்கு வார்த்த பத்திரமா இருந்துச்சு.

அக்கா பையிலேந்து கட்ட எடுத்து, ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு.

“சாமி. அடுப்புல போடட்டுமா, தபால்ல போடட்டுமா?”

சாமி தலையத் தூக்கினாரு.

“போடு.”

அவ்வளவுதான். தீந்துச்சு.

இப்ப சொல்லுங்கடா, நம்ம பாஷையில இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? முட்டையும் போடலாம், மொட்டையும் போடலாம். சட்டையும் போடலாம், சண்டையும் போடலாம். கும்பிடும் போடலாம், குண்டும் போடலாம். ஒரு ஆளையே போடலாம். எதுல போடணும்னு கேக்கறதா இருந்தா நாளைக்கு வரைக்கும் காத்திருக்கணும்.

அக்கா காத்திருக்கல.

“மொதல்ல எதக் கேட்டேன்? அடுப்பு. சாமி சொல்லிட்டாரு.”

அடுப்புகிட்டப் போயிடுச்சு.

“அக்கா! தபால்ல! தபால்லதான் போடச் சொல்றாரு!”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான் சிஷ்யன்க்கா. விளக்கம் சொல்றது என் வேல.”

“பச்ச பெயிண்ட் அடிக்கச் சொன்ன ஆளு நீதானே? அவரு எங்க மாமா. கதவு இன்னும் பச்சையாத்தான் இருக்குது. மாப்பளதான் ஓடிட்டான்.”

 

அக்கா கட்ட அடுப்புக்கு நேரா தூக்கிப் பிடிச்சுது.

அப்புறம் ஒரு தடவ திருப்பிப் பாத்துது. செக்கிங் பாத்துப் பழகின கண்ணு. எரிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ பாக்கும்.

“இது என்ர முடிச்சு இல்ல.”

நான் வாளிய பாத்தேன்.

“யாரு இத அவுத்தது?”

“நாய் வந்துச்சுக்கா...”

“நாய் ஷூ லேஸ் முடிச்சுப் போடுமா?”

சாமி எலையப் பாத்தாரு.

“அடுத்தவ கட்ட கேக்காம கொள்ளாம அவுக்கறதுக்கு என்ன தைரியம் உனக்கு? எவ்வளவு திமிரு? எது வரைக்கும் படிச்ச?”

“கதையில ராணி கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறினது வரைக்கும். பல்லடத்துல எறங்குவாளா மாட்டாளான்னு வருது. அதுக்குள்ள நீங்க கரட்டுலேந்து எறங்கி வந்துட்டீங்க.”

அக்கா கட்ட இன்னும் அடுப்புக்கு நேராவே பிடிச்சிருந்துச்சு. கீழ தீ சடசடன்னுச்சு.

“எறங்கினாளாக்கா?”

“உனக்கெதுக்கு?”

“எறங்கக் கூடாதுக்கா. அந்த சூப்பர்வைசர் அங்கதான் நிப்பான். கண்டிப்பா நிப்பான். நீங்க மட்டும் அவள அங்க எறக்கி விட்டிருந்தீங்க, சும்மா விட மாட்டேன்.”

“எறங்காம எப்படிப்பா? அவ புள்ள அங்கதானே இருக்குது.”

“புள்ளயா? எந்தப் புள்ள? புள்ள இருக்குன்னு சொல்லவே இல்லயே!”

“அது அடுத்த அத்தியாயத்துல.”

“அதப் போயி எரிக்கப் போறீங்களா?” கத்திட்டேன். “எரிச்சுட்டீங்கன்னா அப்புறம் நான் யார்கிட்டக்கா போய் கேக்கறது? இவரு ஒரு நாளைக்கு ஒரு வார்த்ததான் சொல்லுவாரு. இவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு மீச மொளச்சிரும்!”

அக்கா கட்ட எறக்கிச்சு. மெதுவா.

ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்துச்சு. பீஸ உள்பக்கம் திருப்பிப் பாக்கற மாதிரி.

“எங்கயாச்சும் போரடிச்சுதா?”

“இல்லக்கா, சூப்பர்.”

“பொய் சொல்லாத. அத நெறைய கேட்டாச்சு.”

“ஒரு எடம். அந்த ஹாஸ்டல் வார்டன் வீட்டப் பத்தி எழுதியிருக்கீங்கல்ல. கட்டில் இருக்கு, பீரோ இருக்கு, பீரோவுல கண்ணாடி இருக்குன்னு. அவ தலகாணி ஒறைக்கு ஒரு பக்கம் குடுத்திருக்கீங்க. தாவிட்டேன்.”

நூல அவுத்துது. பக்கத்தத் தேடி எடுத்துது. பைக்குள்ள கையவிட்டு ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர உரிச்சு என் விரல்ல ஒட்டுச்சு.

“அந்த எடத்துல ஒட்டு.”

வாளிய இந்தக் கையிலேந்து அந்தக் கைக்கு மாத்திட்டு, தலகாணி ஒறை மேல ஒட்டினேன்.

அக்கா அந்த ஸ்டிக்கரையே பாத்துட்டு நின்னுச்சு. கழுத்துல மெடல் போட்ட மாதிரி ஒரு நிப்பு.

“தலகாணி ஒறைய எடுத்தர்றேன்”னு சொல்லிச்சு. “கோயமுத்தூர்ல ஒருத்தன் இருக்கான். ஒறைய எடுத்துட்டு அவனுக்குப் போடறேன்.”

“அவனும் திருப்பி அனுப்பினா?”

“இன்னொருத்தன் பொறக்காமயா போயிருவான்? இவனுங்களுக்காச்சு எனக்காச்சு. முடிச்ச மட்டும் அவுக்காம அனுப்பட்டும், நேர்ல போயி அவன் டேபிள் மேல ஏறி உக்காந்து நானே படிச்சுக் காட்டறேன்.”

கட்ட மறுபடி கட்டிச்சு. அக்காவோட அதே பழைய முடிச்சு. விரல் போற வேகத்துல எனக்கு ஒண்ணுமே புரியல.

சாமியக் கும்பிட்டுது. வாசல்ல ஒரு செருப்பப் போட்டுக்கிட்டு நொண்டிக்கிட்டே மரத்தடிக்குப் போச்சு. நான் பின்னாடியே ஓடினேன்.

“அக்கா, ராணி எறங்கினாளா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கக்கா!”

“பொஸ்தகம் வரும். வாங்கிப் படி.”

ரெண்டாவது செருப்புல கால விட்டுச்சு. என் கையில இருந்த சோத்து வாளியப் பாத்துது.

“போப்பா. போயி சாமிக்கு சோத்தப் போடு. எலை காஞ்சு கெடக்குது.”

*

அக்கா புத்தகம் இன்னும் வரல. கோயமுத்தூர்க்காரன் திருப்பி அனுப்பிட்டான். ஆனா முடிச்ச அவுத்திருந்தானாம். அத சொல்றதுக்குன்னே போன் பண்ணிச்சு, மொதல் பரிசு விழுந்த மாதிரி. இப்ப வேற எவன்கிட்டயோ இருக்கு. ராணி எறங்கினாளான்னு ஒவ்வொரு தடவயும் கேக்கறேன். சொல்ல மாட்டேங்குது.

மடத்துச் சுவத்துல இப்ப ‘போடு’ன்னு எழுதி வெச்சிருக்காங்க. எழுதறவனெல்லாம் வந்து தொட்டுக் கும்பிட்டுப் போறானாம். நீங்களும் கேக்கறீங்க, சாமி சொன்னதுக்கு என்னடா அர்த்தம்னு.

அர்த்தம் என்ன அர்த்தம். அவரு சோறு கேட்டாரு.

ராணி எறங்கினாளா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டு, வாளியக் கையில வெச்சுக்கிட்டே, போடாம நின்னவன் நான்.