பொன்னாடைக்கு எரிந்த விளக்கு

பேரூராட்சித் தலைவர் திருமேனியின் காரை ராத்திரி நிறுத்தினால் காலையில் கிளம்பாது. மூன்று பேட்டரி மாற்றியாயிற்று. பழி மட்டும் டிரைவர் இசக்கி மேல்.

“நீ பாட்டுக் கேட்டே பேட்டரியைத் தீர்த்துடுறே! இன்னைக்குள்ள வேற காரணம் காட்டு, இல்லேன்னா வேலை கிடையாது.”

இசக்கி தன் செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினான். பிறகு எடுத்துக் காட்டினான். மூடின டிக்கிக்குள் விளக்கு ஜெகஜோதியாய் எரிந்தது.

“ஐயா, கூட்டத்துக்குக் கூட்டம் வாங்கின பொன்னாடையெல்லாம் இங்கதான் திணிச்சிருக்கீங்க. அது மூடியை முட்டித் தூக்குது, மூடி முழுசா அழுந்தாம விளக்கு அணையல. உங்க புகழுக்கு விடிய விடிய விளக்கு!”

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றை உருவி இசக்கிக்கே போர்த்தினார்.

இசக்கிக்கு உயிர் வந்தது. “மீதியையும் இப்படியே ஊருக்குப் போர்த்திட்டா, பேட்டரியும் பிழைச்சுக்கும் ஐயா.”