நாற்பத்தொன்றாம் பக்கத்துச் சால்னா

முதலில் ஒரு விடுகதை.

ஒருவர் பதினெட்டு முறை சமைத்தார். ஒரு முறைகூடப் பரிமாறவில்லை. சாப்பிட வேண்டியவள் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தாள், பசியோடு. சமைத்தவர் கஞ்சனும் இல்லை, கோபக்காரரும் இல்லை. பிறகு ஏன் பரிமாறவில்லை?

அவசரப்பட வேண்டாம். கதையைக் கேட்டுக்கொண்டே யோசியுங்கள்.

*

"மாஸ்டர், உங்க புத்தகம் பொய் சொல்லுது."

தவசி இதைச் சொன்னது இராஜபாளையத்தில் ஒரு பரோட்டா ஓட்டலின் சமையல்கட்டில். காலை பத்து மணி.

செய்யது மாஸ்டர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த ஓட்டலின் சமையல் அவர் பொறுப்பு. அங்கே செய்வதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது தவசியின் கையில் இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"என்ன பொய்ண்ணே?"

"சால்னா. நீங்க எழுதினபடிதான் செய்றேன். இங்கே இருக்கிற ருசி வரலை."

"அளவு?"

"நான் மருந்துக்கடைக்காரன். சோம்பைக்கூட மருந்துத் தராசுலதான் நிறுக்குறேன்."

"அப்ப என்னைவிடச் சுத்தமா செய்றீங்க."

"எதையோ மறைச்சிட்டீங்க மாஸ்டர்."

"மறைக்கலைண்ணே."

"எல்லா மாஸ்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எத்தனை மாஸ்டரைப் பார்த்திருக்கீங்க?"

"உங்களை மட்டும்தான்."

மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"அந்த ருசிதான் வேணும்னா இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

தவசி புத்தகத்தை மூடினார்.

"மாசத்துல முதல் ஞாயிறு இங்கே வருவோம். நான், என் வீட்டுக்காரி, பாப்பா. ஜன்னல் ஓரத்து மேஜை. பாப்பாவுக்கு அவதான் பரோட்டாவைப் பிச்சுச் சால்னாவுல ஊறப்போட்டுக் கொடுப்பா. போன புரட்டாசியில அவ தவறிட்டா."

மாஸ்டரின் கத்தி நின்றது.

"அதுலேருந்து பாப்பா இந்தப் பக்கமே வரமாட்டேங்குது. வீட்லயே செய்ங்கப்பான்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. எட்டு வயசு. எதை வெச்சாலும் பாதியில எழுந்திருச்சிடுது. போன வருஷத்துச் சட்டையெல்லாம் இப்பத் தொளதொளங்குது."

மாஸ்டர் ஒரு நீளக் கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அடுப்புக்கிட்ட நில்லுங்க."

*

இரண்டு மணி நேரம் தவசி அந்தப் பெரிய சட்டியைக் கிளறினார். மசாலா வதங்கும் புகை கண்ணைக் கரித்தது. மாஸ்டர் போட்ட ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் கூடவில்லை. எதுவும் குறையவில்லை.

எண்ணெய் மேலே மிதந்ததும் மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

தவசி குடித்துப் பார்த்தார்.

"இதுவும் அது இல்லை. இன்னைக்கு உங்களுக்கே கெட்டுப்போச்சு."

 மாஸ்டர் சட்டியைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, சால்னா ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து."

இன்னொரு குரல். "இங்கேயும்."

தவசி மாஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க ருசி பார்க்கலையே?"

"புகையில நின்னவன் நாக்குல என்ன தெரியும்? நான் வீட்டுக்குப் போய் மோர்சோறு சாப்பிடுற ஆளு."

"அப்ப சரியா வந்துச்சான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?"

மாஸ்டர் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே பேச்சியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து சாப்பிட்ட தட்டுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் விரல்கள் வழித்த தடம்.

"அக்கா, இன்னைக்கு எப்படி?"

"எனக்குப் பாதி வேலைய அவங்களே முடிச்சுட்டாங்க" என்றார் பேச்சியம்மாள்.

மாஸ்டர் தவசியின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுத் தட்டு எப்படி வந்துச்சுண்ணே?"

"எந்தத் தட்டு?"

"பாப்பா சாப்பிட்ட தட்டு."

தவசிக்குக் கேள்வி புரியவே நேரமானது.

"அவளுக்கு எப்படிக் கொடுக்கிறது? அந்த ருசி வந்தாத்தானே கொடுக்கலாம்?"

"எத்தனை தடவை செஞ்சீங்க?"

"பதினெட்டு."

"பதினெட்டும்?"

"கொட்டிட்டேன்."

"பாப்பா?"

"தயிர்சாதம்."

மாஸ்டர் கையைக் கழுவினார். தவசியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். ஈர விரலைக் கடைசி வரியின் மேல் வைத்தார்.

தவசி குனிந்து படித்தார்.

'சூடாகப் பரிமாறவும்.'

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தவசி பத்தொன்பதாவது முறையாகச் சால்னா வைத்தார். கரண்டி வாய்வரை போனது. அதை அப்படியே கீழே வைத்தார்.

தெருமுனைக் கடையில் பரோட்டா வாங்கி வந்து மகளைக் கூப்பிட்டார்.

இலக்கியா தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் கொட்டலையாப்பா?"

"இல்லை."

அவள் பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தாள். தானே ஊறவைத்தாள். சாப்பிட்டாள். தவசி நின்றபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கப்பா. பரீட்சை ஹால் சார் மாதிரி நிக்காதீங்க."

உட்கார்ந்தார். அவள் இன்னொரு பரோட்டா போட்டுக்கொண்டாள்.

அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கே சாப்பிட்ட மாதிரியே இருக்கா?"

இலக்கியா மெல்லுவதை நிறுத்தி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"தெரியலைப்பா. அது எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு."

தவசி தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா பிச்சுப் போடுவாங்க" என்றாள் அவள். "அது ஞாபகம் இருக்கு."

"ஆமா."

"பெரிய பெரிய துண்டாப் போடுவாங்க. வாய்க்குள்ளயே போகாது."

"ஆமா. நான் சத்தம் போடுவேன்."



"அடுத்த ஞாயிறு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார் தவசி. "இல்லை, இங்கேயே செய்யட்டுமா?"

இங்கேயே என்றாள் இலக்கியா. காரத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.