பாட்டிலில் பிறாண்டிய வண்டு

கோகிலவாணிக்கு முப்பத்திரண்டு வயது. உழவர் பயிற்சி வகுப்பில் அவளிடம் பாடம் கேட்க வந்த ஆறுச்சாமிக்கு அறுபத்தெட்டு. ஊர் சிரித்தது. சிரித்தவர்களின் தோப்பிலும் வண்டு இருந்தது.

ஆறுச்சாமியின் மனைவி தெய்வாத்தாள், சாவதற்கு முந்தின மாசம் நாற்பது தென்னம்பிள்ளை வைத்துவிட்டுப் போயிருந்தாள். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து பதினொன்றைச் சாகடித்துவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

தேங்காய்த் தண்ணீரில் வளர்த்த, வண்டைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணத்தைக் கோகிலவாணி ஒரு வாளியில் கரைத்துக் கொடுத்தாள்.

"பொறியில விழற வண்டை இதுல முக்கி, பொழுது சாயற நேரம் பறக்க விட்டுருங்கய்யா."

"கையில சிக்குனதை விடறதுங்களா? நசுக்குனா ஆகாதுங்களா?"

"நசுக்குனா ஒண்ணு சாகும். விட்டா, சாகறதுக்குள்ள எருக்குழிக்குப் போயி இனத்தோட சேரும். சேர்ந்த எடத்துல எல்லாத்துக்கும் இந்த நோவு ஒட்டும்."

இரண்டு மாதம் கழித்து வந்தார். முகம் செத்திருந்தது.

"இன்னும் நாலு பிள்ளை போச்சுங்க டீச்சர். உங்க பூஞ்சணம் வேலைக்காகலைங்க."

"முக்குன வண்டு சாகலைங்களா?"

"அதெல்லாம் செத்துருச்சுங்க. ஒடம்பெல்லாம் பச்சையாப் பூத்து."

"பறந்து போன வண்டு செத்ததை எங்கய்யா பார்த்தீங்க?"

"ஊட்டுலதானுங்க" என்றார் ஆறுச்சாமி. அவள் எழுந்து அவருடன் அவர் வீட்டுக்கு நடந்தாள்.

சமையலறை அலமாரியில் வரிசையாக ஊறுகாய் பாட்டில்கள். மூடியில் ஆணியால் போட்ட ஓட்டை. பாட்டிலுக்கு ஒரு வண்டு. எல்லாம் செத்துப் பூத்துப்போயிருக்க, நேற்று முக்கிய ஒன்று மட்டும் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"ஏனுங்கய்யா விடலை?"

"அவ வச்ச பிள்ளையைத் தின்னது சாகறதைக் கண்ணால பார்க்கோணும்னுதான் மொதல்ல வச்சேனுங்க." குரல் இறங்கியது. "அப்பறம், இதுக பிறாண்டற சத்தம் ஒரு தொணையாட்ட இருந்துச்சுங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணைக் கொண்டாந்து வச்சுக்குவேன்."

அவள் அந்த ஒரு பாட்டிலை வாசலுக்கு எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தவர், பிறகு மூடியைத் திருகினார். வண்டு விளிம்பில் ஏறிச் சிறகைப் பிரித்து எருக்குழிப் பக்கம் பறந்துபோனது.

"இனி ஊட்டுக்குள்ள ஒரு சத்தமும் இருக்காதுங்க" என்றார்.

"அது உங்களுக்குத் தொணைக்கு இருக்கலைங்கய்யா. வெளிய போகோணும்னுதான் பிறாண்டுச்சு. உங்களுக்கும் இந்த ஊட்டை விட்டு வெளிய வரோணும்னு தோணவே இல்லைங்களா?"